சிக் ஜோ ஃபான் மேய்? – சாப்பிட்டாச்சா?

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பேராசிரியப் பெருமக்களே, எனக்கு முன்னால் படித்து வெளியேறிய அண்ணன்மார்களே, அக்காமார்களே, கூடப் படித்த நண்பர்களே, இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பாதிப் பேர் தலைசுற்றலோடும் மீதிப் பேர் பசியோடும் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னைப் பேச அழைத்தபோது லிப்ட் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்றுதான் சொன்னேன். நம் செயலாளர் அண்ணன், "அதெல்லாம் வேண்டாம்ப்பா. ஹாங்காங்ல எட்டு வருஷம் இருந்தியே, அங்க வீட்டுல என்ன பேசிக்கறாங்க, விருந்துல என்ன பேசிக்கறாங்க, அதைச் சொல்லு. நம்ம பசங்க நாளைக்கு எங்கெங்கயோ போகப் போறாங்க" என்றார். அதனால் வந்து நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழி அறிஞன் இல்லை. 2010-ல் மெக்கானிக்கல் பிரிவில் வெளியே போனவன். 2014 முதல் 2022 வரை ஹாங்காங்கில் லிப்ட் வேலை. சீனப் பத்திரிகை படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறை, டீக்கடை, கல்யாண வீடு, லிப்ட் இந்த நான்கு இடத்துச் சொற்கள்தான். அதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஒரு கருத்தைத்தான் சொல்லப் போகிறேன். கான்டனீஸ்காரர் வீட்டு வாசலுக்குப் போக ஆங்கிலத்தை விடத் தமிழ்தான் குறுக்கு வழி. நம் வீட்டில் நாம் புழங்குகிற சொற்களை ஒழுங்காக வைத்திருந்தால், அவர்கள் வீட்டுச் சொற்களில் பாதி நமக்கு முன்பே தெரிந்த சங்கதி.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1997-ல் நம்ம நாமக்கல் தனி மாவட்டமானது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்தது. 1974 வரைக்கும் அங்கே ஆங்கிலம் ஒன்றுதான் ஆட்சிமொழி. இன்றைக்கும் தெருப் பெயர்ப்பலகை, ரயில், பஸ், கோர்ட்டு எல்லாவற்றிலும் ஆங்கிலம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, 'இங்கிலீஷ் போதும்' என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போர்டில் ஆங்கிலம் இருக்கும், லிப்டுக்குள் இருக்காது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது கான்டனீஸ். தென்சீனத்தின் குவாங்டங் மாகாணத்துப் பேச்சு அது. பீஜிங் பக்கத்து மாண்டரின் வேறு, இது வேறு. மாண்டரின் மட்டும் தெரிந்தவருக்குக் கான்டனீஸ் காதில் விழுந்தால் விளங்காது. மலேசியாவில் கோலாலம்பூர், ஈப்போ சீனர்களிடமும் இந்தப் பேச்சு அதிகம். அங்கே இருக்கிற நம் தமிழர்கள் பலர் சந்தையிலேயே கற்றுக்கொண்டு சரளமாகப் பேசுவார்கள். ஹாங்காங்குக்கும் தமிழர்கள் புதிதல்ல. கீழக்கரை, காயல்பட்டினத்து வணிகர்கள் நமக்கு வெகுகாலம் முன்பே போனவர்கள். அங்குள்ள தமிழ்ப் பண்பாட்டுக் கழகம் 1967-லேயே தொடங்கப்பட்டது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எல்லோரும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

அங்கே பழைய தலைமுறை ஆட்கள் நம்மைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சிக் ஜோ ஃபான் மேய்?" சிக் என்றால் சாப்பிடு. ஃபான் என்றால் சோறு. ஜோ என்பது வேலை முடிந்ததைக் காட்டுகிற துணைச்சொல், நம்ம 'ஆச்சு' மாதிரி. மேய் என்றால் 'இன்னும் இல்லையா'. சேர்த்தால் "சாப்பிட்டாச்சா?" ஆங்கிலத்தில் இதை ஒருவர் கேட்டால், 'நம்மைச் சாப்பிடக் கூப்பிடப் போகிறாரோ' என்று தோன்றும். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. ரோட்டில் பார்த்த ஆளிடம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நம்ம பாட்டுக்குப் போகிற ஜாதி நாம். கேள்வி சோற்றைப் பற்றியது இல்லை, ஆளைப் பற்றியது என்று நமக்குத் தெரியும்.

அடுத்தது அரிசி. ஆங்கிலத்தில் வேகவைத்ததும் ரைஸ், வேகவைக்காததும் ரைஸ். நமக்கு வயலில் நெல், மூட்டையில் அரிசி, தட்டில் சோறு, காய்ச்சல் வந்தால் கஞ்சி. அவர்களுக்கும் அப்படியே. வயலில் வோ, மூட்டையில் மய், கிண்ணத்தில் ஃபான், காய்ச்சலுக்கு ஜுக். எதை விளைவித்து எதைத் தின்கிறோமோ அதற்குச் சொல் பெருகும். இந்த மலையிலேயே பாருங்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிப் பக்குவம். கீழே இறங்கி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் எல்லாம் 'மில்லட்'. ஒரே பாக்கெட், ஒரே பேர்.

விருந்தில் கூட அமர்ந்தால் மூன்று சொல் போதும். "ஹோவ் சிக்" என்றால் ருசியாக இருக்கிறது. "சிக் தோ தீ" என்றால் இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க. இதை வீட்டுக்காரர் சொல்வார், சொல்லிக்கொண்டே நம் கிண்ணத்தில் வைப்பார். போதும் என்றால் "பாவ்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டலாம், வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். எங்க அம்மாயி வீட்டில் இலையின் மேல் கையை வைத்து மறைப்போமே, அதே தற்காப்புதான்.

இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மேஜையில் உட்கார்ந்ததும் சின்னப் பிள்ளைகள் உடனே சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. பெரியவர்களை வரிசையாக முறைசொல்லி அழைத்து, "தாத்தா, சோறு சாப்பிடுங்க, பாட்டி, சோறு சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடக்கிற வீட்டில் பார்க்க அழகாக இருக்கும்.

முறைசொல்லி அழைப்பது என்றேன். இதில்தான் தமிழன் கொடுத்துவைத்தவன். நான் இங்கே பேச ஆரம்பித்தபோது 'அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே' என்றேன். ஆங்கிலத்தில் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்றால் யார் மூத்தவர், யார் இளையவர் என்பது தெரியாது. பிரதர் என்றால் அண்ணனா, தம்பியா? அங்கிள் என்றால் சித்தப்பாவா, மாமாவா, பக்கத்து வீட்டுக்காரரா? கான்டனீஸில் இந்தக் குழப்பம் கிடையாது. அண்ணன் 'கோ கோ', தம்பி 'தாய் தாய்', அக்கா 'ஜே ஜே', தங்கை 'முய் முய்'. பெரியப்பா 'பாக் ஃபூ', சித்தப்பா 'சுக் சுக்', தாய்மாமன் 'காவ் ஃபூ'.

தாத்தா பாட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எங்க கொங்குப் பக்கம் அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அவர் மனைவி அப்பத்தா. அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி, அவர் மனைவி அம்மாயி. நாலு பேருக்கு நாலு சொல். அங்கேயும் 'யே யே', 'மா மா', 'குங் குங்', 'போ போ' என்று அதே நாலு. வட சென்னையில் பிறந்த என் நண்பனுக்கு இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. எங்க ஊர்க்காரனுக்கு அரை நிமிஷம்.

எல்லாம் ஒன்றேதான் என்று நினைத்துவிடக் கூடாது. வேறுபடுகிற இடம்தான் சுவாரசியம். நமக்கு அப்பாவின் அக்காள் தங்கையும் அத்தை, தாய்மாமன் மனைவியும் அத்தை. அவர்களுக்கு இரண்டும் வேறு வேறு சொல். காரணம் யோசித்தால் புரியும். நம்மிடம் அத்தை மகள், மாமன் மகளைக் கட்டுகிற வழக்கம் இருந்தது. இரண்டு பேரும் மாமியார் ஆகக் கூடியவர்கள், ஆகவே ஒரே சொல். சித்தப்பா பிள்ளையும் சித்தி பிள்ளையும் நமக்கு உடன்பிறப்பு. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் முறை. அவர்கள் கோட்டை வேறு இடத்தில் போடுகிறார்கள். அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் 'தோங்', அதாவது ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள். மற்றவர்கள் எல்லாம் 'பியூ'. நமக்குக் கல்யாண முறை முக்கியம், அவர்களுக்குக் குலப்பெயர் முக்கியம். ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளப் போனால் ஒரு சமுதாயமே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. டிராயிங் பார்த்து மெஷினைப் புரிந்துகொள்கிற மாதிரிதான்.

இந்த முறைச்சொற்களைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. நம்மைப் போலவே முன்பின் தெரியாதவரையும் அழைக்கிறார்கள். வாட்ச்மேன் வயதானவரா? 'பாக் பாக்'. பக்கத்து வீட்டு மூதாட்டியா? 'போ போ'. பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே உறவு கிடைத்துவிடும்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்பீர்கள். கான்டனீஸில் ஆறு சுரம் உண்டு. ஒரே ஒலியை மேலே தூக்கினால் ஒரு பொருள், கீழே இறக்கினால் வேறு பொருள். 'ஆ மா' என்று உயர்த்திச் சொன்னால் அம்மா. தாழ்த்திச் சொன்னால் அப்பத்தா. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கும்போது யாரைக் கூப்பிட்டோம் என்பது சுரத்தில்தான் தெரியும்! நான் இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிற சொற்கள் எல்லாம் கிட்டத்தட்டதான். ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993-ல் வெளியிட்ட 'ஜுட்பிங்' என்ற முறையில் ஒவ்வொரு அசைக்குப் பக்கத்திலும் 1 முதல் 6 வரை எண் போட்டுச் சுரத்தைக் காட்டுவார்கள். ஆனாலும் கண்ணால் படிப்பதை விடக் காதால் பிடிப்பதுதான் நல்லது. பாட்டுக் கற்றுக்கொள்கிற மாதிரி, அர்த்தத்தோடு மெட்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சந்தோஷமான செய்தி. ஒன்றாம் வகுப்பில் 'ங' என்ற எழுத்தைப் படித்தோமே, அதில் தொடங்குகிற சொல் என்ன என்று வாத்தியாரிடம் கேட்டால் அவரும் விழிப்பார். அந்த எழுத்துக்கு ஹாங்காங்கில் வேலை கிடைக்கிறது. 'நான்' என்பதற்கு அங்கே 'ங்கோ'. ஐந்து என்பதற்கு வெறும் 'ங்'. வேறு உயிரெழுத்தே கிடையாது! ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் அந்த ஒலியைச் சொல் முதலில் கொண்டுவரத் திணறுவார்கள். நமக்கு அரிச்சுவடியிலேயே பயிற்சி.

இனி விருந்து, வைபவம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் உட்கார்வது 'யம் ச்சா', அதாவது டீ குடிப்பது. பெயர்தான் டீ. கூடவே மூங்கில் கூடைகளில் ஆவியில் வேகவைத்த சிறு சிறு பலகாரங்கள் வரும். அதற்குப் பெயர் 'திம் சம்'. நம் டிபன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ச்சா என்ற சொல்தான் போர்ச்சுக்கீசியர் வாயிலும் புகுந்தது. கேரளத்துச் 'சாயா'வும் அந்த வம்சம். நம்ம 'டீ'யும் தேயிலையின் 'தே'யும் சீனாவிலேயே ஹொக்கியன் என்ற இன்னொரு பேச்சிலிருந்து கிளம்பி வந்தவை. ஆக, நாமக்கல்லில் டீ, பாலக்காட்டில் சாயா என்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேரும் சீனாவின் இரண்டு துறைமுகங்களுக்காகச் சண்டை போடுகிறார்கள்.

டீ மேஜையில் மற்றவர் கோப்பையை நிரப்பிவிட்டுத்தான் நம் கோப்பை. நமக்கு ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையை மெல்லத் தட்ட வேண்டும். அதுதான் நன்றி. பேச்சு நடுவில் அறுபடாது. கெட்டிலில் டீ தீர்ந்துவிட்டால் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும், பரிமாறுகிறவர் வந்து நிரப்பிவிடுவார்.

வாயால் நன்றி சொல்ல இரண்டு சொல் உண்டு. ஒருவர் நமக்கு ஏதாவது செய்துகொடுத்தால், கதவைப் பிடித்தால், வழி விட்டால் 'ம்கோய்'. ஒருவர் நமக்கு ஏதாவது பரிசாகக் கொடுத்தால், விருந்துக்குக் கூப்பிட்டால், பாராட்டினால் 'தோ ஜே'. கைக்கு வந்த உதவிக்கு ஒன்று, மனதார வந்த கொடைக்கு ஒன்று. இதில் ம்கோய்தான் எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி. 'தயவுசெய்து' என்பதற்கும் அதுவே, 'கொஞ்சம் வழி விடுங்க' என்பதற்கும் அதுவே.

நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சொல் 'சிக் ஜாய்'. விரதச் சாப்பாடு, சைவச் சாப்பாடு என்று பொருள். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் மீன் சாறு ஊற்றிக் கொண்டுவரக் கூடும். 'சிக் ஜாய்' என்றால் கோயில் விரதம் என்று புரிந்துகொண்டு மரியாதையோடு கவனிப்பார்கள். அவர்களிலும் பலர் சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் சைவம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அமாவாசையும் பௌர்ணமியும்!

பரிசு கொடுப்பதில் மட்டும் நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகக் கூடாது. புதுமனை புகுவிழா என்றால் நாம் என்ன வாங்குவோம்? சுவர்க் கடிகாரம். அங்கே கடிகாரம் கொடுப்பது என்ற சொல்லும், கடைசி வழியனுப்புவது என்ற சொல்லும் ஒரே ஒலி. அடுத்தது மொய். நாம் நூற்றி ஒன்று, ஐநூற்றி ஒன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்போம். அந்த ஒரு ரூபாய் நமக்கு மங்கலம். ஹாங்காங்கில் 101, 501 என்று ஒற்றைப்படையில் வைப்பது சாவு வீட்டுக்கு. கல்யாணத்துக்கு இரட்டைப்படைதான். அதிலும் 4 வேண்டாம். 'செய்' என்ற நான்கும் 'செய்' என்ற சாவும் சுரத்தில் மட்டும்தான் வேறு. லிப்ட் இன்ஜினியரான எனக்கு இது நன்றாகத் தெரியும். பல கட்டடங்களில் 4, 14, 24 என்ற பொத்தான்களே இருக்காது. டிராயிங்கில் ஒரு கணக்கு, பொத்தானில் ஒரு கணக்கு.

சீனப் புத்தாண்டில் 'லாய் சீ' என்ற சிவப்பு உறை. கல்யாணமானவர்கள் கல்யாணமாகாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வயது முக்கியம் இல்லை. வாட்ச்மேனுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் வாங்க வேண்டும், கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது. வாங்குகிறவர் 'குங் ஹேய் ஃபாட் சோய்' என்று வாழ்த்த வேண்டும். செல்வம் பெருகட்டும் என்பது அதன் சாரம்.

இந்த நல்ல வாக்கு, கெட்ட வாக்கு சங்கதி நமக்குப் புதிதா? நன்னூலில் 'மங்கலம்' என்று ஒரு வழக்கைப் படித்தோமே. சுடுகாட்டை நன்காடு என்பது, விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பது. கான்டனீஸ் சந்தைக்குப் போனால் அந்தப் பாடம் முழுக்கக் கூடையில் இருக்கிறது. பாகற்காயைக் கசப்புக் காய் என்று சொல்ல மனம் வராமல் 'லியாங் குவா' என்பார்கள், குளிர்ச்சிக் காய். பீர்க்கங்காயின் பழைய பெயர் தோல்வி என்ற சொல் போல ஒலிப்பதால் அதற்கு 'சிங் குவா', வெற்றிக் காய். காலி வீட்டுக்கு 'கட் உக்', அதிர்ஷ்ட வீடு. காலி என்ற சொல் அங்கே கேடு என்ற சொல்லோடு ஒலியில் ஒத்துப்போகிறது. வாடகைக்கு வீடு தேடுகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் அதுதான்.

விடைபெறும்போதும் அப்படியே. நாம் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போய்ட்டு வர்றேன்'. வீட்டுக்காரர் 'மெல்லப் போய்ட்டு வாங்க' என்பார். அங்கே வாசல் வரை வந்து 'மான் மான் ஹாங்' என்பார்கள். மான் மான் என்றால் மெல்ல மெல்ல. ஹாங் என்றால் நட. அவசரமாகப் போகாதே, எங்களை விட்டு ஓடாதே என்ற அன்புதான்.

இதெல்லாம் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தச் சொற்களால் என்ன பயன் என்பதை ஒரே ஒரு நிகழ்ச்சியில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ராசிபுரத்துப் பெண். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுவார். நான் காலையில் போனால் இரவு வருவேன். பதினெட்டாவது மாடியில் தனியாக இருந்தவர் காய்கறிச் சந்தையில் கற்க ஆரம்பித்தார். 'கேய் தோ சின்?' எவ்வளவு? 'சோய்' கீரை. எதிர் வீட்டு மூதாட்டியைப் 'போ போ' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் 'சிக் ஜோ ஃபான் மேய்?' என்று கேட்பார், இவர் 'சிக் ஜோ' என்பார். இரண்டு வருஷத்தில் ஒரு முப்பது நாற்பது சொல். இலக்கணம் ஒன்றும் கிடையாது.

2021 ஜனவரியில் என் அப்பா காலமானார். கொரோனா காலம். நான் மட்டும் ஊருக்கு வந்து காரியம் முடித்துத் திரும்பினேன். அப்போதைய விதிப்படி 21 நாள் ஓட்டல் அறையில் தனிமை. வீட்டில் மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும். ஒரு நாள் நடுராத்திரி குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு இரும்புக் கதவைத் தட்டினார். சொன்னது மூன்றே சொல். "போ போ, ம்கோய், போங் போங் ங்கோ." பாட்டி, தயவு பண்ணுங்க, எனக்கு உதவி பண்ணுங்க. அந்த அம்மாள் அப்படியே சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பி, டாக்சி பிடித்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடியும் வரை கூட இருந்தார். மறுநாள் காலையில் எங்கள் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே சூடாக ஜுக்.

டாக்டருக்கு ஆங்கிலம் தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். நடுராத்திரியில் கதவைத் திறந்து வருகிற மனுஷிக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் ஓட்டல் அறையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு வருஷத்தில் நான் சம்பாதித்ததை விட அந்த முப்பது சொல் பெரிய சேமிப்பு என்று அன்று தோன்றியது.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். நம்மவர்கள் பலர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு சீனம் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை வளர்ந்து அங்கேயே வேலை தேடும்போதுதான் சுவர் தெரியும். அரசு வேலைக்கும் பெரும்பாலான தனியார் வேலைக்கும் சீனம் கேட்பார்கள். சீனம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கென்று இரண்டாம் மொழிப் பாடத்திட்டம் 2014-15 கல்வியாண்டில்தான் பள்ளிகளில் வந்தது. வெளிநாடு போகப்போகிற தம்பிகள் இதை மனதில் வையுங்கள். உங்கள் வேலைக்கு ஆங்கிலம் போதும். உங்கள் மனைவிக்கும் பிள்ளைக்கும் அந்த ஊர் பேசுகிற பேச்சு வேண்டும். அது கான்டனீஸாக இருக்கலாம், பெங்களூரில் கன்னடமாக இருக்கலாம், புனேயில் மராத்தியாக இருக்கலாம்.

எப்படி ஆரம்பிப்பது? என் அனுபவத்தில் ஒரு இருபது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் யாரை என்ன சொல்லி அழைப்பது. இரண்டாம் பக்கத்தில் சாப்பிட்டாச்சா, போதும், ருசி. மூன்றாம் பக்கத்தில் நன்றி, தயவுசெய்து, உதவி. நான்காம் பக்கத்தில் வாங்க, உட்காருங்க, போய்ட்டு வாங்க. 'யப் லாய் ச்சோ', உள்ள வந்து உட்காருங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். பாடப்புத்தகத் தமிழிலும் எழுதாதீர்கள். அம்மா சொல்கிற மாதிரி எழுதுங்கள். அப்போதுதான் இரண்டு சொல்லும் ஒட்டும்.

கடைசியாக இந்த மலையிலிருந்தே நம் கல்லூரிக்கு வந்து படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, 'கேரளாவா?' என்று ஹாஸ்டலில் கேட்டிருப்பார்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. உங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் கதை உங்களிடமே இருக்கிறது. இந்த மலையை நாடு நாடாகப் பிரித்து ஆண்ட முறையும் உங்களுடையது. உங்கள் வீட்டில் தினைக்கும் சாமைக்கும் இருக்கிற சொல், உறவைக் கூப்பிடுகிற சொல், விருந்தாளியை உட்காரச் சொல்கிற சொல், இவை எதையும் ஹாஸ்டல் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். நாளைக்கு நீங்கள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் அங்குள்ள பாட்டியின் வீட்டுக்குள் நுழைய அதுதான் டிக்கெட். சொந்த வீட்டுச் சொல்லைத் தொலைத்தவனுக்கு அடுத்த வீட்டுச் சொல் வெறும் சத்தமாகத்தான் கேட்கும்.

மதியச் சாப்பாடு தயார் என்று பின்னாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். சமைத்தவர்கள் இந்த ஊர் அக்காமார்கள். பந்தியில் உட்காரும் முன்னால் அவர்களிடம் போய், "நீங்க சாப்ட்டீங்களாக்கா?" என்று கேளுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு புதுச் சொல்லாவது கிடைக்கும், நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

மலையிறங்கும்போது மான் மான் ஹாங், மெல்லப் போய்ட்டு வாங்க.